படிப்பவர் ஒருவர் பாக்கி

உலகம்மையின் தங்கை செண்பகம் அலுவலகத்துச் சேமிப்புப் பெட்டியில் இருந்தாள். உலகம்மை தங்கியிருந்த விடுதியில் அறைக்கு ஒருவர்தான் இருக்கலாம். வெளியே வீடு கிடைக்கும்வரை அங்கே இருக்கட்டும் என்று வைத்தது. வீடு கிடைக்கவில்லை. செண்பகமும் குறை சொல்லவில்லை. கொஞ்சம் குளிர்கிறது, மற்றபடி வசதிதான் என்றாள்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த அலுவலகத்தில் மழையளவுகளைச் சேர்த்து வைத்தார்கள். எந்த ஊரில் எவ்வளவு பெய்தது என்று பெட்டிக்குள் போடுவது உலகம்மையின் வேலை. மீதி இடத்தில் ஊழியர்கள் தங்கள் சொந்தப் பொருள்களை வைத்துக்கொண்டார்கள். மேலாளர் சிதம்பரநாதன் தன் பசுவை வைத்திருந்தார். கணக்குப் பிரிவு மரகதம் மேடம் எடுக்காத விடுப்புகளை வைத்திருந்தார். யாரும் யாருடையதையும் தொடமாட்டார்கள்.

பெட்டி வராந்தாவின் கடைசி அறையில் இருந்தது. அதில் நான்கு டிஸ்க்குகள். எதைக் கொடுத்தாலும் பெட்டி அதை ஒரே இடத்தில் வைக்காது. கூறு போட்டு நான்கிலும் பரப்பும். கூடவே ஒரு கூட்டுக் கணக்கையும் எழுதி வைக்கும். ஒரு டிஸ்க் செத்தால் மற்ற மூன்றும் கணக்குப் பார்த்து, செத்ததிடம் இருந்தது இன்னதுதான் என்று சொல்லிவிடும். இரண்டு செத்தால் சொல்லாது.

மதியம் செண்பகம் உள் தொலைபேசியில் கூப்பிடுவாள்.

"யக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு."

"கொஞ்சம் சொல்லேன்."

உலகம்மை சொல்லுவாள். செண்பகம் சாப்பிடுவாள். உப்பு குறைவு என்பாள். விடுதிச் சாப்பாட்டில் எப்போதும் உப்பு குறைவுதான்.

ஆயுத பூஜை வந்தது. எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தார்கள். பெட்டியின் முகத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருந்தன. டிஸ்க் நன்றாக இருந்தால் பச்சை, கெட்டால் சிவப்பு. சிதம்பரநாதன் அவற்றைச் சுட்டிக் காட்டினார்.

"அதான் அதுக்கு நெத்தி. அங்க வைம்மா."

உலகம்மை நான்கு நெற்றியிலும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள். மேலாளர் ஒரு கதம்ப மாலையைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பின்னால் சாத்தினார். பின்னால்தான் விசிறி இருந்தது. காற்று போகும் வழி அது. உலகம்மை இயற்பியல் படித்தவள். சொல்ல வாயெடுத்தாள். வாயில் பொரி இருந்தது. மென்று முடிப்பதற்குள் எல்லோரும் கும்பிட்டு முடித்துவிட்டார்கள். மறுபூஜை வரைக்கும் பொட்டையும் மாலையையும் எடுக்கக் கூடாது என்று மேலாளர் சொன்னார். மறுபூஜை எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து வந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"யக்கா, இங்க ஒருத்தர் பேச மாட்டேங்காரு."

"யாரு?"

"நாலு பேர்ல ஒருத்தரு. வெக்கை தாங்கலன்னு கரகரன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இப்பம் சுத்தவே இல்ல."

"ஒனக்கு என்னமும் செய்யுதா?"

"ஒன்னும் செய்யல. ஆனா என் எடது கைய நெனைக்கணும்னா மத்த மூணு பேருகிட்டயும் கேக்க வேண்டியிருக்கு."

திரையில் ஒரு வரி இருந்தது. டிஸ்க் 2 செயலிழந்தது. உலகம்மை ஸ்டோரில் இருந்து புது டிஸ்க்கை வாங்கிக்கொண்டு ஓடினாள். பழையதை உருவிப் புதியதைச் செருக வேண்டும். பெட்டியை நிறுத்தக்கூட வேண்டாம். எளிய வேலை.

பெட்டியின் நான்கு விளக்குகளும் சிவப்பாக இருந்தன. எல்லாம் குங்குமம். துடைக்கத் துணியை எடுத்தாள். வாசலில் சிதம்பரநாதன் நின்றிருந்தார்.

"பொட்ட அழிக்காத."

"எது கெட்டதுன்னு தெரியணும் சார்."

"நம்பர்தான் சொல்லியிருக்குல்லா?"

சொல்லியிருந்தது. உலகம்மை இடமிருந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு. இரண்டாவதை உருவினாள். அறைத் தொலைபேசியின் ஸ்பீக்கரில் செண்பகம் பேசிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, அவரு இல்ல, அவரு நல்—"

பிறகு சத்தமில்லை.

டிஸ்க் அவள் கையில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சூடாக இருந்தது. பெட்டிகள் பூஜ்ஜியத்தில் இருந்து எண்ணும். முதல் டிஸ்க் பூஜ்ஜியம், இரண்டாவது டிஸ்க் ஒன்று. உலகம்மைக்கு இது நன்றாகத் தெரியும். அவசரத்தில் அவள் மனிதர்களை எண்ணுவதுபோல எண்ணிவிட்டாள். செத்தது மூன்றாவதாக நின்றது. உயிரோடிருந்தது கையில் இருந்தது. இப்போது உள்ளே இரண்டே பேர்.

அவள் அதைத் திரும்பச் செருகினாள். பெட்டி ஏற்கவில்லை. திரையில் ஒரு சொல் வந்தது. அந்நியர்.

"என்ன சொல்லுது?" என்றார் சிதம்பரநாதன்.

"இவரத் தெரியாதுங்குது சார்."

"எம் மாடு?"

உலகம்மை டிஸ்க்கைத் திரும்ப உருவிக்கொண்டாள். மறுசேர்க்கைக் கவுன்டருக்குப் போனாள். அது பெட்டி அறைக்குப் பக்கத்தில், முன்பு மாடிப்படி இருந்த இடத்தில் இருந்தது. உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பேச்சில் எந்த ஊரும் இல்லை. உலகம்மை துப்பட்டாவில் பொதிந்திருந்த டிஸ்க்கை அவர் முன் வைத்தாள்.

"யாரு இவரு?"

"எங்க பெட்டியில உள்ளவரு. தெரியாம வெளிய எடுத்துட்டேன்."

"எவ்வளவு நேரம் வெளிய இருந்தாரு?"

"ஒரு மூச்சு."

"அந்த ஒரு மூச்சுல உள்ள என்ன நடந்துச்சுன்னு இவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அந்நியர்தான்."

"என் தங்கச்சி உள்ள இருக்கா சார்."

அவர் அனுதாபமாகத் தலையாட்டினார். கவுன்டரின் கீழிருந்து இரண்டு பொத்தான்களை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு.

"இத அமுக்கினா முதல்ல இருந்து தொடங்கிடலாம். நாலு பேரும் சுத்தமாயிடுவாங்க. சட்டுன்னு முடிஞ்சிடும். நிறைய பேரு இதத்தான் அமுக்குறாங்க."

"தங்கச்சி?"

"இருந்தாங்கன்னே இருக்காது. யாருக்கும் வருத்தம் இருக்காது."

"இன்னொன்னு?"

"கட்டாயச் சேர்ப்பு. இவரு எங்க ஆளுன்னு நீங்க பொறுப்பேத்துக்கணும். வாய்விட்டுச் சொல்லணும். உள்ள இருக்குற ரெண்டு பேருக்கும் கேக்கணும்."

உலகம்மை அதுவரை யாரிடமும் சத்தம் போட்டதில்லை. பேருந்தில் நிறுத்தம் தாண்டிப் போனாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவாள். அவள் இரண்டாவது பொத்தானை அமுக்கினாள்.

"இவரு எங்க ஆளு," என்றாள்.

"கேக்கல."

"இவரு எங்க ஆளு."

"எனக்கே கேக்கல."

உலகம்மை கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். வராந்தாவில் எல்லாக் கதவுகளும் திறந்தன. மரகதம் மேடம் எட்டிப் பார்த்தார். உலகம்மை திரும்பவும் கத்தினாள். இரண்டாம் முறை தேவைப்படவில்லை. நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

ஓடிப்போய் டிஸ்க்கைச் செருகினாள், இந்த முறை பெட்டி ஏற்றது. அறைத் தொலைபேசி பேசியது.

"—லா சுத்திக்கிட்டுதான் இருக்காருன்னு சொல்ல வந்தேன். நீ ஏன் அழுத?"

"அழல. நீ இருக்கியா?"

"இருக்கேன். மெதுவா இருக்கேன்."

உலகம்மை இந்த முறை பூஜ்ஜியத்தில் இருந்து எண்ணிச் செத்ததை உருவினாள். புதியதைச் செருகினாள். திரையில் ரீபில்ட் தொடங்கியது. மூன்று பழைய டிஸ்க்குகளும் தங்களுக்குத் தெரிந்ததைக் கூட்டிக் கழித்து, செத்தவரிடம் இருந்ததை எல்லாம் புதியவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பூஜ்ஜியம் சதவீதம் என்று காட்டியது. பிறகு ஒன்று.

கவுன்டர்க்காரர் வெளியே வந்து மாலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நாலு பேரையும் ஒரே கடையில ஒண்ணா வாங்கினீங்களா?"

"ஆமா."

"அப்ப ஒரே வயசு. ஒருத்தர் போனா மத்தவங்களுக்கும் நேரம் வந்துடுச்சு. சொல்லிக் குடுத்து முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் விழுந்துட்டா அவ்வளவுதான். யாரும் எதையும் கேக்காதீங்க. ஒங்களுக்குப் பதில் சொல்லவா, புது ஆளுக்குச் சொல்லிக் குடுக்கவா? ரெண்டும் செஞ்சா சூடாயிடுவாங்க."

மாலையை அவரே கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

உலகம்மை தன் இடத்துக்குத் திரும்பினாள். வழக்கத்தைவிட நேரமானது. சதவீதம் கூடக் கூட வராந்தா நீண்டது. ஐந்தில் ஒரு புதுத் தண்ணீர்க் குழாய் வந்தது. பத்தில் பெட்டி அறையின் கதவு கண்ணுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டில் வராந்தாவில் மினி பஸ் விட்டார்கள்.

அவள் ஏறினாள். டிஸ்க்குகளைத் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும்.

"பெட்டி அறை போகுமா?" என்று நடத்துனரிடம் கேட்டாள்.

"முப்பது வரைக்கும் போவும்மா. அதுக்கு மேல ரோடு இன்னும் போடல."

"சதவீதம் கூடிட்டா?"

"கூடுனா நாங்க எங்க நிக்கோமோ அங்க நின்னுருவோம். சில்லறையா குடுங்க."

அவள் இறங்கி ஓடினாள். பெட்டி கொதித்தது. ஒரு கோப்பு அட்டையால் விசிறினாள். திரையில் நாற்பது என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தெட்டு ஆனது. முப்பத்தைந்து. முப்பத்தொன்று. யாரோ எதையோ கேட்கிறார்கள். அவள் திரும்ப ஓடினாள். சதவீதம் குறைந்ததால் வழியும் குறைந்திருந்தது. அதில் அவளுக்கு மகிழ்ச்சி இல்லை.

சிதம்பரநாதன் மேசைக்கடியில் குந்தியிருந்தார். கையில் சொம்பு இருந்தது. அதில் பால் இருந்தது.

"சார், கறக்காதீங்க சார்."

"மடி கட்டிரும்மா."

"சார், பசுவும் அதே பெட்டியிலதான இருக்கு. பெட்டி போனா பசுவும் போயிரும்."

"ஒரு சொம்புதான். வீட்டுல காப்பிக்குன்னு காத்துக்கிட்டு இருப்பாவ."

"சார், தங்கச்சி சார்."

"ஒனக்குத் தங்கச்சி. எனக்கு மூணாவது ஈத்து."

உலகம்மை தரையில் உட்கார்ந்தாள். மேலாளரின் காலைப் பிடித்தாள். அது காலா மேசைக்காலா என்று பார்க்க நேரமில்லை. மேலாளர் சொம்பைப் பார்த்தார். பிறகு பாலைக் குடித்துவிட்டு எழுந்தார். இரண்டு கைகளையும் இழுப்பறைக்குள் வைத்து, முழங்கையால் தள்ளி மூடினார். குனிந்து சாவியைப் பல்லால் திருப்பி எடுத்து அவளிடம் நீட்டினார்.

"முடிஞ்ச ஒடனே தொறந்து விட்ரு. கன்னுக்குட்டிக்குப் பசிக்கும்."

மரகதம் மேடம் தன் விடுப்புகளைக் கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அவர் இதுவரை கேட்டதே இல்லை. இப்போது முதல்முறையாக ஒரு நாள் வேண்டும்போல இருக்கிறது என்றார். சத்தியம் செய்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர்களில் மழை பெய்ததை யாரும் பதியவில்லை. அதனால் அன்று எங்கும் பெய்யவில்லை.

அறுபது ஆனது. எழுபது ஆனது. உலகம்மையின் தொலைபேசி அடித்தது.

"யக்கா."

"ஏட்டி, நீ பேசக் கூடாது. வச்சுரு."

"ஒருத்தருக்கு நெஞ்சு கரகரங்குது. முன்னால அவருக்கு வந்த மாதிரியே வருது. பயமா இருக்கு."

"நீ பேசப் பேசத்தான் அவருக்குச் சூடு ஏறுது. உள்ளதுலேருந்து எடுத்துத்தான நீ பேசுத?"

"அப்பம் நீ பேசு. நான் கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்."

"கேக்குததும் அப்படித்தான்."

எழுபது அறுபத்தாறு ஆனது.

"யக்கா, நீ கேக்காட்டி நான் இருக்கேனா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொன்னாலும் எண் குறையும். உலகம்மை ரிசீவரை வைத்தாள். உடனே மீண்டும் அடித்தது. அவள் எடுக்கவில்லை. தொலைபேசியைத் தூக்கி இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். இழுப்பறை அடித்தது. அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். மணி கைகளில் ஏறித் தோள்வரை வந்தது. செண்பகம் சின்ன வயதில் கதவைத் தட்டினால் திறக்கும்வரை தட்டுவாள். இப்போதும் அப்படித்தான் அடித்தது.

எண்பதில் மணியின் சத்தம் குறைந்தது. எண்பத்தெட்டில் நின்றது. நின்றது நல்லதா என்று கேட்க ஆள் இல்லை. கேட்கவும் கூடாது.

தொண்ணூற்றொன்றில் சதவீதம் நின்றுவிட்டது.

உலகம்மை காத்திருந்தாள். நகரவில்லை. மேலாளர் இழுப்பறையோடு தூங்கிவிட்டார். மரகதம் மேடம் ஜன்னலோடு இருந்தார். யாரும் எதையும் கேட்கவில்லை. மினி பஸ் வந்து மேசைக்கு முன்னால் நின்றது. கவுன்டர்க்காரர் இறங்கினார். மாலை வாடியிருந்தது.

"யாரோ ஒருத்தர் பெட்டியில உள்ளத இன்னும் படிச்சுகிட்டே இருக்காங்க."

"யாரும் இல்ல சார். எல்லாரையும் நிறுத்திட்டேன்."

"ஒருத்தர் இருக்காங்க. விடாம. ஒரே ஆளத்தான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க."

உலகம்மை தன் கைகளைப் பார்த்தாள்.

"நான் நெனைக்க மட்டும்தான் செய்யுதேன்."

"நெனைப்பு எங்க இருந்து வருதுன்னு நினைக்குறீங்க? தங்கச்சிய அங்கதான வச்சிருக்கீங்க?"

"நெனைக்காம எப்படி இருக்க?"

"அது எங்க பிரிவு இல்ல. ஆனா சீக்கிரம். ரெண்டாவது ஆளு ரொம்ப முடியாம இருக்காரு."

"கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தானே?"

அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். நடத்துனர் விசில் அடித்தார்.

உலகம்மை செண்பகத்தை மறக்கத் தொடங்கினாள். சுலபமானவற்றை முதலில் எடுத்தாள். பள்ளிச் சீருடையின் நிறம். பரீட்சை நேரத்து அம்மை. சீப்புக்காகப் போட்ட சண்டைகள், ஒவ்வொன்றாக. தொண்ணூற்றிரண்டு ஆனது. ரேஷன் கடை வரிசையில் பாட்டுப் பாடி வாங்கிய திட்டு. தோசையை ஓரத்திலிருந்து தின்று நடுவைக் கடைசிக்கு வைப்பது. தொண்ணூற்று நான்கு. வராந்தா இப்போது எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. எங்கோ தூரத்தில் ஒரு விசிறி இரைந்தது.

மறப்பது எடுத்துக் கீழே வைப்பதுபோல இருந்தது. வைத்த இடத்தைத் திரும்பிப் பார்த்தால் எண் குறைந்தது. அதனால் பார்க்கவில்லை. மூக்கு. கூப்பிட்டால் உடனே வராத பழக்கம். காய்ச்சலில் அவள் உளறியவை. தொண்ணூற்றேழு. குரலை மறக்க நேரமானது. அதைப் பாதி மறந்தபோது அழுகை வந்தது. எதற்கு என்று யோசித்தாள். யோசித்ததும் ஒன்று குறைந்தது. வாயைத் துப்பட்டாவால் அடைத்துக்கொண்டு மீதியையும் மறந்தாள்.

பெயரை விட்டாள். தொண்ணூற்றொன்பது.

ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. வண்ணார்பேட்டை சாலையைக் கடக்கும்போது ஒரு சின்னக் கை அவளுடைய கையைப் பிடிக்காது. கட்டைவிரலை மட்டும் பிடிக்கும். யாருடைய கை என்று இப்போது தெரியவில்லை. பிடி மட்டும் இருந்தது. ஈரமாக, இறுக்கமாக. இரண்டு பக்கமும் லாரிகள் வந்தன. இதை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று யாரிடமாவது கேட்கலாம் என்று பார்த்தாள். கேட்க ஒருவரும் இல்லை. எண் அப்படியே நின்றது. தூரத்தில் கரகரவென்று ஒரு சத்தம் தொடங்கியது.

சாலையின் நடுவில் அவள் கட்டைவிரலை விடுவித்துக்கொண்டாள்.

திரையில் ஒரு சொல் வந்தது. நலம்.

வராந்தா பழைய அளவுக்கு வந்திருந்தது. கடைசியில் பெட்டி அறை தெரிந்தது. உலகம்மை மேலாளரின் இழுப்பறையைத் திறந்து விட்டாள். அவர் கைகளை உதறிக்கொண்டார்.

"பொழச்சுட்டா?"

"பொழச்சுட்டு சார்."

"ஒன்னோடதும்?"

"எனக்கு என்ன சார் இருக்கு? மழைக்கணக்குதான்."

சிதம்பரநாதன் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் போனார். மரகதம் மேடம் ஜன்னலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். எங்கோ மழை பெய்யத் தொடங்கியது. உலகம்மை பதிய உட்கார்ந்தாள். கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. தேய்த்துவிட்டாள்.

இழுப்பறை அடித்தது. திறந்து பார்த்தாள். உள்ளே தொலைபேசி இருந்தது. அதை யார் அங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை. எடுத்தாள்.

"யக்கா! முடிஞ்சுட்டு! எல்லாம் இருக்கு. ஒன்னு விடாம தடவிப் பாத்துட்டேன். நீ எங்க இருக்க?"

முன்பின் தெரியாதவர்களிடம் பேச உலகம்மைக்கு எப்போதும் கூச்சம்.

"ஒங்களுக்கு யாரு வேணும்?"

மறுமுனை சிரித்தது. "வெளாடாத."

"இது மழைக்கணக்குப் பிரிவு. நீங்க யாருகிட்டப் பேசணும்?"

மறுமுனை இன்னும் சிரித்தது. பிறகு சிரிக்கவில்லை.

"யக்கா."

"சொல்லுங்க."

"யக்கா."

"ம்."

குரல் தெளிவாக இருந்தது. ஓரிடத்திலும் இழுபடவில்லை, உடையவில்லை. உலகம்மை திரையைப் பார்த்தாள். அந்தக் குரல் எவ்வளவு கூப்பிட்டும் அங்கே எதுவும் குறையவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் போலிருந்தது. வைத்துவிடவும் மனமில்லை. என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.